யாரைக் கேட்டு உள்ளே வந்தீர்கள்?

பல்கலைக்கழக வளாகத்தில் வேலை செய்யும் தொழிலாளியைச் சந்திக்கச் சங்கத்துக்கு வழி உண்டா, அந்த வழிக்கு விதி உண்டா என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

காலை ஆறு மணிக்குப் பெருக்க வரும் அம்மாவைப் பார்க்க ஒரு சங்க நிர்வாகி போகிறார். கையில் சந்தா ரசீதுப் புத்தகம், நாலு துண்டறிக்கை. வாயிலில் நிறுத்துகிறார்கள். "யாரைக் கேட்டு உள்ளே வந்தீர்கள்?" இந்தக் கேள்விக்கு நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களில், நம் ஊர்க் கல்லூரிகளில், எழுதி வைத்த பதிலை நான் கண்டதில்லை. அனுமதி உண்டு என்று எழுதிய தாளும் இல்லை, கிடையாது என்று எழுதிய தாளும் இல்லை. அன்றைக்கு அந்த நாற்காலியில் இருப்பவரின் மனம் எப்படியோ, அப்படியே பதிலும். நான் கேட்பது ஒன்றே ஒன்று: அந்தப் பதிலை எழுதி வையுங்கள்.

இதைப் பேசத் தூத்துக்குடியைவிடப் பொருத்தமான ஊர் எது?

1908-ஆம் ஆண்டு பிப்ரவரி 27. இந்த ஊர்க் கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஹார்வி சகோதரர்களின் ஆலை அது. நீண்ட வேலை நேரம், சொற்பக் கூலி, வார விடுமுறை என்பதே இல்லை. அன்றைக்குத் தொழிற்சங்கச் சட்டம் இருந்ததா? இல்லை. பதிவு பெற்ற சங்கம் இருந்ததா? இல்லை. என்ன இருந்தது? பேச வ.உ.சி. இருந்தார். சுப்பிரமணிய சிவா இருந்தார். கேட்பதற்குத் தொழிலாளி இருந்தான். இருவரும் சந்தித்துக்கொள்ள ஊரின் திறந்தவெளி இருந்தது. ஆலைக்குள் அவர்களை விட்டிருப்பார்களா? ஒருநாளும் விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் வேலை விட்டு வெளியே வந்த தொழிலாளி, மாலையில் அவர்கள் பேசும் இடத்துக்கு நடந்து போய்க் கேட்டான். ஒன்பது நாள் வேலைநிறுத்தம். கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது.

அந்தச் சந்திப்பை வெள்ளை அரசு எப்படிப் பார்த்தது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. மார்ச் 12-ஆம் தேதி இருவரையும் கைது செய்தது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். குற்றம் என்ன? பேசியது. தொழிலாளிக்கும் பேச்சாளனுக்கும் நடுவே இருக்கும் அந்தச் சில அடித் தூரத்தை அதிகாரம் எவ்வளவு கவனமாகக் காவல் காக்கும் என்பதை இந்த ஊர் 1908-லேயே தெரிந்துகொண்டது.

பத்தாண்டு கழித்துச் சென்னைப் பெரம்பூர். பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகள். தொழிலாளர் ஒன்றுகூட இடம் எங்கே? செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு என்ற இரு சிறு வணிகர்கள் ஆலைப்பகுதியில் வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற பக்தி சபையை நடத்திவந்தார்கள். பஜனை கேட்க வந்த தொழிலாளி அங்கேதான் தன் குறையைச் சொன்னான். அந்தச் சபையிலிருந்து முளைத்ததுதான் 1918 ஏப்ரல் 27-இல் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கம். வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். பின்னர் ஆலை நிர்வாகம் உயர் நீதிமன்றம் போயிற்று. வேலை ஒப்பந்தத்தை முறிக்கத் தொழிலாளியைத் தூண்டுகிறார்கள் என்று வழக்கு. வாடியாவும் மற்றவர்களும் அப்படிப் பேசக் கூடாது என்று தடையாணையும் பெற்றது. அந்த அநீதி கண்டு எழுந்த குரல்களின் விளைவாக வந்ததுதான் 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். சங்கம் அமைக்கலாம், அதற்காகச் சதி வழக்குப் போட முடியாது என்று அந்தச் சட்டம் சொன்னது. ஆனால் சங்கத்துக்காரர் தொழிலாளியை எங்கே பார்ப்பது? அதைச் சட்டம் சொல்லவில்லை.

இன்னொருவரையும் இந்த மேடையில் நினைக்க வேண்டும். இந்தத் துறையிலிருந்து கொழும்புக்குக் கப்பலேறிய நம் சனங்களில் எத்தனையோ பேர் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் துரையுடையது, பாதை துரையுடையது. அந்நியர் காலடி வைத்தால் அத்துமீறல் என்று வழக்கு. தஞ்சையிலிருந்து போன கோதண்டராம நடேசய்யர் என்ன செய்தார் தெரியுமா? துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, புடைவை வியாபாரி வேடத்தில் தோட்டத்துக்குள் போனார். சேலை விற்பவனுக்குத் திறக்கும் வாயில் சங்கத்துக்காரனுக்குத் திறக்காது! பின்னாளில் அவரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டாலும் பேச்சாலும் தொழிலாளரைத் திரட்டினார்கள். படித்த மனிதர், பத்திரிகையாளர், பிற்காலத்தில் அரசாங்க சபை உறுப்பினராகவும் ஆனவர், தன் மக்களிடம் பேச வேடம் போட வேண்டியிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

வேடம் போட்ட காலம் போய்விட்டதா, தோழர்களே?

நம் கடற்கரையையே பாருங்கள். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், தோணித்துறை காலத்தில், கரை திறந்து கிடந்தது. சரக்கு இறக்கி முடித்த தொழிலாளி மணலில் உட்கார்ந்தான். பேச வருபவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. 1974-இல் பெரிய துறைமுகம் திறந்தது. மதில் வந்தது, வாயில் வந்தது. 2004-இல் உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. அதன்பின் பாஸ் இல்லாமல் ஈ நுழைய முடியாது. பாதுகாப்பு தேவை, மறுக்கவில்லை. ஆனாலும் துறைமுகத் தொழிலாளர் சமாளித்தார்கள். எப்படி? கேட் மீட்டிங். ஷிப்ட் விடும் நேரம், வாயிலுக்கு எதிரே, கொடிக்கம்பத்தின் அடியில், மெகாபோனோடு கால் மணி நேரம். ஆயிரம் பேர் ஒரே வாயிலில் ஒரே நேரத்தில் வந்தால் கேட் மீட்டிங் போடலாம்.

பல்கலைக்கழகத்தில் அது நடக்குமா? நடக்காது. ஏன் என்று யோசியுங்கள். அங்கே ஷிப்ட் சங்கு இல்லை. பெருக்குபவர் விடியலில் வருகிறார், விடுதிச் சமையல்காரர் அதற்கும் முன்னே வருகிறார், தோட்டக்காரர் எட்டுக்கு, ஆய்வக உதவியாளர் பத்துக்கு, இரவுக் காவலர் ராத்திரி எட்டுக்கு. பல நூறு ஏக்கர் வளாகம். பஸ் பிரதான வாயிலுக்குள்ளே போய்த்தான் நிற்கும். வாயிலில் நின்று யாரைப் பார்ப்பது? ஆலைக்குப் போதுமான வாயில் பல்கலைக்கழகத்துக்குப் போதாது. உள்ளே போகத்தான் வேண்டும்.

உள்ளே போக உரிமை உண்டா? சட்டத்தைக் கேட்போம்.

முதலில், பல்கலைக்கழகத்தில் வேலை செய்பவர் தொழிலாளிதானா? 1963-இல் உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. தில்லிப் பல்கலைக்கழகம் மாணவிகளுக்குப் பேருந்து ஓட்டியது. ஓட்டுநர்களை வேலையை விட்டு நீக்கியது. கல்வி தொழில் ஆகாது, ஆகவே ஓட்டுநருக்குத் தொழில் தகராறுச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பு. பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்தவர் கல்வியா புகட்டினார்? பதினைந்து ஆண்டு கழித்து, 1978-இல், பெங்களூர்க் குடிநீர் வழங்கல் வழக்கில் நீதியரசர் கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அதைத் திருத்தியது. பல்கலைக்கழகமும் தொழில்தான், அங்கே வேலை செய்யும் எளியவரும் தொழிலாளர்தான் என்றது. ஆசிரியர் மட்டும் அந்தச் சட்டத்தின் பொருளில் தொழிலாளர் ஆகார் என்று 1988-இல் சுந்தராம்பாள் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதனால் ஆசிரியர்கள் சும்மா இருந்தார்களா? மூட்டா, ஏ.யூ.டி. என்ற ஆசிரியர் சங்கங்கள் இருக்கின்றன, தனியார் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் 1976-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆசிரியருக்கு அறை உண்டு, மேசை உண்டு, சக ஆசிரியரை மதிய உணவில் பார்க்க வழி உண்டு. என் கவலை அறையும் மேசையும் இல்லாதவர்களைப் பற்றியது.

அடுத்து, சங்கம் சேரும் உரிமை. அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு தருகிறது. நல்லது. அந்த உரிமையை வைத்துக்கொண்டு வளாகத்துக்குள் போய்ப் பேசலாமா? ரயில்வே வாரியம் எதிர் நிரஞ்சன் சிங் வழக்கு, 1969. வட ரயில்வேயில் ஒரு சங்கத்தின் பொதுச் செயலாளர் அவர். ரயில்வே வளாகத்துக்குள் தடையை மீறிக் கூட்டத்தில் பேசினார் என்பது அவர்மீது சாட்டிய குற்றங்களில் ஒன்று. உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? பேச உரிமை உண்டு, கூட உரிமை உண்டு. ஆனால் அடுத்தவர் சொத்தில் போய் அதைப் பயன்படுத்த உரிமை இல்லை, அந்தச் சொத்து அரசினுடையதானாலும் சரி. அன்று வந்த அந்தத் தீர்ப்பின் நிழல் இன்றும் ஒவ்வொரு வாயிலிலும் நிற்கிறது. சேர உரிமை உண்டு, சந்திக்க இடம் இல்லை!

புதிய சட்டம் இதைச் சரிசெய்ததா? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பு என்ன சொல்கிறது? ஒரு சங்கத்தைப் பதிய, நிறுவனத்தில் பத்து விழுக்காட்டினர் அல்லது நூறு பேர், எது குறைவோ அத்தனை உறுப்பினர் வேண்டும் என்கிறது. பல சங்கம் இருந்தால், ஐம்பத்தொரு விழுக்காட்டை எட்டும் சங்கமே தனித்துப் பேச்சுவார்த்தை நடத்தும் சங்கம். அப்படி ஆன சங்கத்துக்கு நிர்வாகம் வசதிகள் செய்து தர வேண்டும் என்றும் சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். உறுப்பினரைச் சேர்த்தால்தான் வசதி. உள்ளே போய்ப் பேசும் வசதி இருந்தால்தானே உறுப்பினரைச் சேர்க்க முடியும்? கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தக் கதைதான். ஏற்கெனவே வலுவாக இருக்கும் சங்கத்துக்கு இது உதவும். இன்னும் பிறக்காத சங்கத்துக்கு உதவாது. வளாகத்தில் தேவைப்படுவதோ பிறக்காத சங்கம்தான்.

உலகம் என்ன செய்திருக்கிறது? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1971-ஆம் ஆண்டுப் பரிந்துரை எண் 143-ஐ எடுத்துப் படியுங்கள். நிறுவனத்தில் வேலை செய்யாத சங்கப் பிரதிநிதியானாலும், அங்கே அந்தச் சங்கத்துக்கு உறுப்பினர் இருந்தால் அவரை உள்ளே விட வேண்டும். நோட்டீஸ் ஒட்ட இடம் தர வேண்டும். துண்டறிக்கை கொடுக்க விட வேண்டும் என்று அது பரிந்துரைக்கிறது. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. சங்கம் சேரும் உரிமைக்கான 87-ஆம் உடன்படிக்கையையும் கூட்டுப் பேரத்துக்கான 98-ஆம் உடன்படிக்கையையும் நம் நாடு இன்னும் ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் பொருளுக்கு மிக அருகில் வருவது அமெரிக்காவின் கலிபோர்னியா. 1978-இல் அங்கே உயர்கல்வித் தொழிலுறவுக்கென்றே தனிச் சட்டம் இயற்றினார்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் ஊழியர் அமைப்புகளுக்கு என்ன உரிமை? ஊழியர் வேலை செய்யும் இடங்களுக்கு நியாயமான நேரத்தில் போகலாம். நிறுவனத்தின் தகவல் பலகையையும் அஞ்சல் பெட்டியையும் பயன்படுத்தலாம். கூட்டம் போட அறை கேட்கலாம். பல்கலைக்கழகம் நியாயமான ஒழுங்குமுறைகளை வகுத்துக்கொள்ளலாம். இது முக்கியம். உரிமை முதலில் நிற்கிறது, ஒழுங்கு அதற்குப் பின்னால் நிற்கிறது. இங்கே ஒழுங்கு மட்டும் நிற்கிறது, உரிமையைக் காணோம்.

அமெரிக்கா சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அதே நாட்டில் லெக்மியர் என்ற கடை. சங்க அமைப்பாளர்கள் கடையின் வாகன நிறுத்தத்தில் ஊழியர்களின் கார் கண்ணாடியில் துண்டறிக்கை செருகினார்கள். கடை நிர்வாகம் அவர்களை விரட்டியது. நெடுஞ்சாலைக்கும் வாகன நிறுத்தத்துக்கும் நடுவே நாற்பத்தாறு அடி அகலப் புல்வெளி, அது பெரும்பாலும் பொது நிலம். அங்கே போய் நின்றார்கள்! உள்ளே போகும் கார்களின் எண்ணைக் குறித்து, சில ஊழியர்களின் முகவரியைத் தேடிப் பிடித்தார்கள். 1992-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வெளியிலிருந்து செய்தி சேர்க்க வழி இருக்கும்போது உள்ளே விட வேண்டியதில்லை என்று தீர்த்தது. 2021-இல் இன்னொரு தீர்ப்பு, பண்ணைத் தொழிலாளரைச் சந்திக்கக் கலிபோர்னியா 1975 முதல் தந்திருந்த நுழைவு உரிமையைத் தட்டிப் பறித்தது. எழுதி வைத்த உரிமைக்கே இந்தக் கதி என்றால், எழுதாத உரிமையின் கதி என்ன?

இப்போது மையமான இடத்துக்கு வருகிறேன். இன்றைய வளாகத்தில் பெருக்குபவர், கழிவறை கழுவுபவர், காவலர், தோட்டவேலை செய்பவர், விடுதிப் பாத்திரம் கழுவுபவர் எல்லாரும் யாருடைய ஆட்கள்? பெரும்பாலும் ஒப்பந்ததாரரின் ஆட்கள். சங்கம் பதிவாளரிடம் போனால், "அவர்கள் எங்கள் ஊழியர் இல்லை, ஒப்பந்ததாரரைக் கேளுங்கள்" என்கிறார். ஒப்பந்ததாரரிடம் போனால், "இடம் என்னுடையது இல்லை, பல்கலைக்கழகத்தைக் கேளுங்கள்" என்கிறார். ஆளுக்குச் சொந்தக்காரர் ஒருவர், நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர். இருவருக்கும் நடுவே அந்த அம்மா விளக்குமாற்றோடு நிற்கிறார். அவருக்கு வருங்கால வைப்புநிதி பிடிக்கிறார்களா, இ.எஸ்.ஐ. அட்டை உண்டா, குறைந்தபட்சக் கூலி முழுதாகக் கைக்கு வருகிறதா? கேட்டுச் சொல்ல யார் உள்ளே போவது?

வாயிலில் நம்மை நிறுத்தும் காவலரும் அதே ஒப்பந்தத்தில் வந்தவர்தான். பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர் அவர். நம் துண்டறிக்கை யாருக்குத் தேவையோ அவர் கையாலேயே நம்மைத் தடுக்க வைத்திருக்கிறார்கள். அவர்மேல் கோபப்படாதீர்கள், தோழர்களே. "அண்ணே, உங்களுக்கும் சேர்த்துத்தான் வந்தோம்" என்று சொல்லுங்கள்.

நிர்வாகத்தின் பக்கம் நியாயமே இல்லையா? உண்டு. இது படிக்கும் இடம். தேர்வு நடக்கும் கூடத்துக்கு வெளியே முழக்கம் போட்டால் பிள்ளைகள் எப்படி எழுதுவார்கள்? பெண்கள் விடுதிக்குள் கண்டவரும் போக முடியுமா? ஆய்வகத்தில் அமிலம் இருக்கிறது, எரிவாயு இருக்கிறது. மருத்துவக் கல்லூரி என்றால் நோயாளி படுத்திருக்கிறார். இவற்றையெல்லாம் நான் முழு மனதோடு ஏற்கிறேன். சங்கத்தின் பேரைச் சொல்லி மிரட்டிப் பணம் பறிப்பவரும் நாட்டில் உண்டு. அவரைத் தடுக்கவும் விதி வேண்டும். விதி இல்லாத இடத்தில் முரடன் எப்படியாவது உள்ளே போய்விடுவான். முறையாகப் போக நினைப்பவர்தான் வாயிலில் நிற்பார்.

அப்படியானால் எப்படி எழுதலாம்? வேலை நேரத்தில் வேலையைக் கெடுக்காமல், சாப்பாட்டு நேரத்திலும் வேலைக்கு முன்னும் பின்னும் சந்திக்கலாம் என்று எழுதுங்கள். விடுதிக்குள் வேண்டாம், ஆய்வகத்துக்குள் வேண்டாம். அதற்குப் பதிலாகத் தொழிலாளர் சோறு உண்ணும் இடம், வருகைப்பதிவு வைக்கும் இடம், வண்டி நிறுத்தும் இடம் என்று பெயர் சொல்லிக் குறியுங்கள். சாப்பிட இடமே இல்லாமல் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறக்கிறார்களே, முதலில் அந்த இடத்தைக் கொடுங்கள்! வருகிற சங்கப் பிரதிநிதி அடையாள அட்டை காட்டட்டும், முதல்நாளே கடிதம் தரட்டும். கடிதம் தந்தால் போதும், அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று இருக்கட்டும். ஏனென்றால் அனுமதி என்ற சொல் உள்ளே வந்துவிட்டால் கோப்பு மூன்று மேசை சுற்றும், மூன்று மாதம் போகும். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரட்டும். தகவல் பலகையில் எல்லாச் சங்கத்துக்கும் ஒரே அளவு இடம். துணைவேந்தருக்குப் பிடித்த சங்கம், பிடிக்காத சங்கம் என்ற பேச்சே கூடாது. யார் யார் வந்து பேசினார்கள் என்று ஓர் அதிகாரி பக்கத்தில் நின்று குறிப்பெடுக்கக் கூடாது. இந்தக் கடைசி ஒன்றை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மேஸ்திரி பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தத் தொழிலாளி வாயைத் திறப்பார்? சங்கம் சேர்வதில் குறுக்கிட்டு மிரட்டுவது நியாயமற்ற தொழில் நடைமுறை என்று சட்டமே சொல்கிறது. அடுத்த ஒப்பந்தத்தில் அந்த அம்மாவின் பெயரை விட்டுவிடுவதும் அதே மிரட்டல்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே இந்த விதியை அதில் ஒரு நிபந்தனையாகச் சேருங்கள். இந்த வளாகத்தில் வேலை செய்யும் எல்லாருக்கும், யார் சம்பளம் கொடுத்தாலும், இது பொருந்தும் என்று எழுதுங்கள். அப்போது பதிவாளர் ஒப்பந்ததாரரைக் காட்ட முடியாது, ஒப்பந்ததாரர் பதிவாளரைக் காட்ட முடியாது.

இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டுமா? வேண்டாம். நிரஞ்சன் சிங் தீர்ப்பைத் திருத்த வேண்டுமா? அதுவரை காத்திருக்க வேண்டாம். சொத்துக்காரர் மறுக்கலாம் என்றுதான் அந்தத் தீர்ப்பு சொல்கிறது; சொத்துக்காரர் மனமுவந்து அனுமதித்தால் அதைத் தடுப்பார் யாருமில்லை. ஒரு சிண்டிகேட் தீர்மானம் போதும். கல்லூரியானால் ஆட்சிக் குழுவின் தீர்மானம் போதும். இந்த மாவட்டக் கல்லூரிகள் பலவற்றை இணைத்து வைத்திருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது, மீன்வளக் கல்லூரி இருக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, வ.உ.சி.யின் பெயரையே தாங்கிய கல்லூரியும் இருக்கிறது. எந்த நிறுவனம் முதலில் எழுதுகிறதோ, அதைப் பார்த்து மற்றவை எழுதும்.

பேராசிரியப் பெருமக்களே, உங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். சிண்டிகேட்டிலும் செனட்டிலும் உங்களுக்குக் குரல் இருக்கிறது. விளக்குமாறு பிடித்தவருக்கு அங்கே குரல் இல்லை. உங்கள் சங்கக் கூட்டத்துக்கு அறை கேட்கும்போது, அதே கடிதத்தில் அவர்களுக்கும் ஓர் அறை கேளுங்கள். மாணவச் செல்வங்களே, உங்கள் விடுதியில் விடியுமுன்னே அடுப்பு மூட்டுபவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? நாளைக் காலையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த விதிகளின் வரைவை இரண்டு பக்கத்தில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். அரங்கின் பின்புறம் மேசைமேல் இருக்கிறது. குறை இருந்தால் அடித்துத் திருத்துங்கள். திருத்திய படியில் கையெழுத்துப் போட்டு, இந்த மாதத்துக்குள் ஒவ்வொரு நிறுவனத்தின் பதிவாளரிடமும் முதல்வரிடமும் நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குவோம். கொடுக்கப் போகிறவர்கள் வரிசையில் துப்புரவுப் பணி செய்யும் பெண்கள் முன்னால் நிற்க வேண்டும். வர விரும்புபவர்கள் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.